கோழிக் கொட்டகைக்கு இரண்டாவது வழி

மச்சான்,

இன்றைக்குக் காலையில் வலைக்காரர் வந்தார். மீன் வலை இல்லை, புறா வலை. பெங்களூரில் இப்போது இதுவும் ஒரு பிழைப்பு. என் பையன் குடியிருக்கிற அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் புறாக்கள் உட்கார்ந்து எச்சம் போட்டு, அது காய்ந்து தூளாகி வீட்டுக்குள் பறக்கிறது. மருமகளுக்கு விடாத இருமல். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டுக்குப் புறா வருதா?" என்பதுதானாம். எச்சத்தில் கிருமி இருக்கும், முதல் வேலையாக வலை கட்டுங்கள் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

வலை கட்டுவதற்கு முன்னால் பால்கனியைக் கழுவினார்கள். காய்ந்த எச்சத்தின் மேல் பினாயில் தண்ணீர் விழுந்ததும் கிளம்பியது பார் ஒரு நாற்றம்! மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்கள். நான் மட்டும் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பேத்தமங்களா போகிற பாதையில் நம் கோழிக் கொட்டகையைக் கழுவின அன்றைக்கு வந்த அதே நாற்றம். நீ பக்கத்தில் பக்கெட்டோடு நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன். கிழவனுக்குக் கூறு கெட்டுப்போச்சு என்று வைத்துக்கொள்.

நீ உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு வரி எழுதினவன் இல்லை நான். எதற்கு எழுத? தங்கச் சுரங்கத்துக்குள் ஒரே இரும்புக் கூண்டில், ஒரே கேஜில் இறங்கினோம், ஒரே கேஜில் ஏறினோம். கூட்டாளியாக இருந்த நீ என் அக்காவைக் கட்டி மச்சான் ஆனாய். சாம்பியன் ரீப்ஸில் கம்பெனி கொடுத்த லைன் வீடுகளில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு தடுப்புதான். நீ இருமினால் எனக்குத் தூக்கம் போகும். அப்படிப்பட்டவனுக்குக் கடுதாசி எழுதினால் லைனே சிரித்திருக்கும். இப்போது சிரிக்க ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

எல்லாம் அந்த ஏர்பிளாஸ்டில் ஆரம்பித்தது. போன வாரம் பேத்தி கேட்டாள், அப்படியென்றால் என்ன தாத்தா என்று. பூமிக்கு அடியில் ரொம்ப ஆழத்தில் பாறை தன் தலைமேல் இருக்கிற பாரம் தாங்காமல் தானாக வெடிக்கும்மா, யாரும் வெடி வைக்கவேண்டியதே இல்லை என்று சொன்னேன். மேலே லைன் வீடுகளில் அலமாரியிலிருந்து சட்டி பானை உருளும், பெண்கள் போட்டது போட்டபடி சுரங்கத்து ஷாப்ட் வாசலுக்கு ஓடுவார்கள் என்றும் சொன்னேன். அதற்குமேல் சொல்லவில்லை. அது நமக்குள் இருக்கட்டும்.

அன்றைக்கு நாம் இரண்டு பேரும் முட்டுக் கட்டை கொடுத்துக்கொண்டிருந்தோம். பாறை இறங்காமல் மரம் கொடுத்து நிறுத்துவதுதானே நம் வேலை. சத்தம் கேட்ட ஞாபகமே எனக்கு இல்லை. காற்று வந்து நெஞ்சில் உதைத்தது, அவ்வளவுதான். எழுந்து விளக்கைத் திருப்பிப் பார்த்தால் நாம் வந்த வழி இல்லை. "பயப்படாத, ஏணி வழி கீது" என்றாய். சுரங்கத்தில் மனுஷன் வேலை செய்கிற எந்த இடத்துக்கும் இரண்டு வழி இருக்கவேண்டும், ஒன்று அடைத்தால் மற்றது என்பது நமக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம். ஊர்ந்து போய்ப் பார்த்தோம். ஏணி வழியும் மூடிக் கிடந்தது.

விளக்கை அணைத்துவைத்தோம். நீ ஒரு கல்லை எடுத்து, பாறையோரமாக மேலே வரைக்கும் ஓடுகிற காற்றுக் குழாயில் தட்ட ஆரம்பித்தாய். தட்டுவாய், நிறுத்திக் காது வைப்பாய், மறுபடி தட்டுவாய். உன் கை ஓய்ந்தால் நான். அந்தப் பக்கத்திலிருந்து பதில் தட்டு வந்தபோது நான் ஓவென்று அழுதேன். நீ அழவில்லை. வெளியே கொண்டுவந்த பிறகும் அந்தக் கல்லை விடாமல் பிடித்திருந்தாய். அக்காதான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள்.

அதற்கப்புறம் நீ எங்கே போனாலும் வழி தேடுகிற ஆளாகிவிட்டாய். சினிமாக் கொட்டகையில் கதவோரம். பஸ்ஸில் படிக்கட்டோரம். ஆண்டர்சன்பேட்டையில் மளிகைக் கடைக்குப் போனால் பருப்பு கேட்பதற்கு முன்னால் "பின்னால வாசல் கீதா செட்டியாரே?" என்று கேட்பாய். அந்த மனுஷன் உன்னைத் திருடன் என்று நினைக்காமல் விட்டது உன் முகராசி. இதெல்லாம் போதாதென்று லைன் வீட்டின் பின்சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டாயே! கம்பெனிச் சுவர்!

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னாங்க இது? நாய் நரியெல்லாம் பூந்துடும்!"

"பூரட்டும். எலி கூட வளைக்கு ரெண்டு வாசல் வச்சிக்குது. எலிக்குக் கீற புத்தி நமக்கு வேணாவா?"

அக்கா முணுமுணுத்துக்கொண்டே அதற்கு ஒரு கோணிப்படுதா தைத்துப் போட்டாள். நான் உன்னை "எலி மச்சான்" என்று கூப்பிட ஆரம்பித்தேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. எலிதான் பிழைக்கும், பாத்துக்கினே இரு என்பாய்.

பிறகு ஆஸ்பத்திரியில் மார்பைப் படம் எடுத்தார்கள். நுரையீரலில் பாறைத் தூசி படிந்திருக்கிறது, இனிமேல் இறங்காமல் இருந்தால் இப்படியே காலத்தை ஓட்டலாம், இறங்கினால் சொல்வதற்கில்லை என்றார்கள். கேட்டுவிட்டு நாம், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்து கிடக்கிற சயனைட் மேட்டோரமாக நடந்து வந்தோம். காற்றில் அந்த வெள்ளை மண் பறந்து வந்து கண்ணில் விழுந்துகொண்டிருந்தது. நீ நின்று சொன்னாய்: "வேலைய விட்டா லைன் வீட்ட விடணும். உங்க அக்காவையும் ரெண்டு பொட்டப் பிள்ளைங்களையும் எங்க கொண்டுபோய் வைக்கிறது? கீழ போனா தூசி, மேல வந்தா தெரு. ரெண்டு பக்கமும் மூடிக்கிச்சு மச்சான்."

பாறைக்குள் அடைபட்டபோதுகூட நீ அப்படிப் பேசினவன் இல்லை.

அப்போது வந்த யோசனைதான் கோழி. பேத்தமங்களா பாதையில் எங்கள் மாமன் விட்டுப்போன துண்டு நிலம் சும்மா கிடந்தது. வெள்ளைக் கோழி வளர்த்தால் நல்ல முட்டை விடுமாம், கோலார் பக்கத்தில் இரண்டொருவர் செய்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். முட்டை ஆண்டர்சன்பேட்டைக் கடைகளுக்குத் தவறாமல் போக ஆரம்பித்துவிட்டால் கொட்டகை ஓரமாக ஒரு ரூம் கட்டுவது, குடிவந்துவிடுவது, அன்றைக்கே சுரங்கத்துக்கு முழுக்கு. "இதாண்டா நம்ம ரெண்டாவது வழி" என்று சொன்னாய். உன் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது தெரியுமா? கல்யாணத்தன்றைக்குக்கூட நீ அப்படி இல்லை. நான் பக்கத்தில் இருந்தவன், எனக்குத் தெரியும்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி பஞ்சசீலம் சொல்கிறவன் கோழி வளர்க்கலாமா என்று நாம் போகிற புத்த விகாரையில் ஒருவர் நொட்டை சொன்னார். "முட்டைக்குத்தான்யா, கத்திக்கு இல்ல" என்று சொல்லி அவர் வாயை அடைத்தாய்.

நாம் கட்டினது கொட்டகையா அது! சுரங்கம். ஷிப்ட் முடிந்து வந்த களைப்போடு நட்ட கம்பங்கள். மேலே யானை ஏறி நின்றாலும் அசையாது. காற்று நன்றாக ஓடவேண்டும் என்று நாலு பக்கமும் பெரிய பெரிய கண்ணாக இருக்கிற கம்பி அடித்தோம். நரி நுழையாது, பருந்து நுழையாது, போதும் என்று நினைத்தோம். சிட்டுக்குருவியை யார் எதிரி என்று நினைத்தது? தீவனம் கொட்டினால் கோழிக்கு முன்னால் அதுகள்தான் பந்தியில் உட்காரும். அக்கா விரட்டினால் நீ தடுப்பாய். "கீழ ஒரு குருவி சத்தம் உண்டா சொல்லு? இருந்துட்டுப் போவட்டும்."

முட்டை வர ஆரம்பித்தது. அக்கா கூடையில் வைக்கோல் பரப்பி அடுக்கிக் கடைக்குக் கொண்டுபோவாள். திரும்பி வரும்போது கூடையை ஆட்டிக்கொண்டு வந்தால் எல்லாம் போணியாச்சு என்று அர்த்தம். ரூமுக்கு அஸ்திவாரம் தோண்டினோம். ஒரு கதவு கிழக்கே, ஒரு கதவு மேற்கே என்று நீ கயிறு பிடித்தாய். இவ்வளவு சின்ன ரூமுக்கு இரண்டு கதவா, கட்டில் எங்கே போடுவது என்று அக்கா கேட்டாள். நீ கயிற்றை இறுக்கி முளை அடித்தாய்.

ஒரு காலையில் முட்டைப் பெட்டிக்குள்ளேயே ஒரு கோழி செத்துக் கிடந்தது. முந்தின சாயங்காலம் நன்றாகத் தின்ற கோழி. அதற்கடியில் சூடாறாத முட்டை. மறுநாள் இன்னும் சில. கொண்டை கருநீலமாகி, வாயில் கோழை வடிந்து, பச்சைப் பச்சையாகக் கழிந்து சாய்ந்தன. அக்கா மஞ்சளும் வெங்காயமும் இடித்து ஊட்டினாள். பாட்டிமார் வைத்தியம் நாட்டுக்கோழிக்கே சமயத்தில்தான் கேட்கும். இதுகளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மாட்டு டாக்டரை நீதான் சைக்கிளில் போய்க் கூட்டிவந்தாய். கன்னடக்காரர், ஆனால் நம் பக்கம் வெகுநாள் இருந்தவர், தமிழ் பேசுவார். செத்த கோழி ஒன்றைக் கொட்டகை வாசலிலேயே பலகைமேல் வைத்து அறுத்தார். ஈரலைத் தூக்கிக் காட்டினார். ஊசி குத்தின மாதிரி பொடிப்பொடி வெள்ளைப் புள்ளிகள். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துப் போய், மறுநாள் தானாகவே வந்தார்.

"நோடப்பா, இது வெள்ளைக் கழிச்சல் இல்ல. கோழிக் காலரா. பாக்டீரியா, கண்ணுக்குத் தெரியாத கிருமி" என்றார். சொல்லிக்கொண்டே அவர் பார்வை கொட்டகைக்குள் போனது. தீவனத் தொட்டியில் சிட்டுக்குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. "இவங்க யாரு? உன் சொந்தக்காரங்களா?"

நீ சிரித்தாய். அவர் சிரிக்கவில்லை. பக்கத்து ஊர்களில் நாட்டுக்கோழி செத்தால் எடுத்துப் புதரில் வீசிவிடுகிறார்கள், காக்கை கொத்துகிறது, குருவி அந்தக் குப்பையில் கிளறுகிறது, அதே காலோடும் அலகோடும் இங்கே வந்து தொட்டியில் உட்காருகிறது, தண்ணீரில் எச்சம் போடுகிறது என்று பொறுமையாகச் சொன்னார். குருவிக்குச் சில சமயம் ஒன்றும் ஆகாது, சுமந்துகொண்டு மட்டும் திரியுமாம். "அது மேல தப்பில்ல. தான் எதைச் சுமக்குதுன்னு அதுக்குத் தெரியாது. ஆனா நீ உள்ள விடாதே."

பிழைத்து நிற்கிற கோழியும் கிருமியை வைத்துக்கொண்டேயிருக்கும், ஒன்றைக்கூட விடாமல் தீர்த்துவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள் என்றார். நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், பிறகு எழுந்து ஏரிப் பக்கமாக நடந்து போய்விட்டாய். அந்தக் காரியத்தை நானும் அக்காவும் செய்தோம். ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டி மூடினோம். அக்கா கையைக் கழுவிக் கழுவி, கடைசியில் மண்ணைப் போட்டுத் தேய்த்தாள். நீ திரும்பி வந்து பக்கெட்டை எடுத்து பினாயில் கலந்தாய். அன்றைக்கு வந்த நாற்றம்தான் மச்சான், இன்றைக்குக் காலையில் என்னை உட்காரவைத்தது.

உன்னைச் சும்மா சொல்லக்கூடாது. நீ தளர்ந்து உட்காரவில்லை. டாக்டர் சொன்னபடி கொட்டகையைக் காயப்போட்டாய், சுண்ணாம்பு அடித்தாய், மண்தரையைச் சுரண்டி வெளியே கொட்டினாய். பெரிய கண் கம்பியைப் பிடுங்கிவிட்டுக் குருவியின் தலைகூட நுழையாத பொடிக்கண் வலை அடித்தோம். மழைக்காலம் போய், இரண்டாவது தடவை குஞ்சு வந்தது. அக்கா ஒரு சாமியையும் விடவில்லை. புத்தர் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்தவள், போகிற வழியில் மாரியம்மனுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். "யாரு காப்பாத்தினாலும் சரி" என்றாள்.

நீ இதற்குள் நன்றாக இளைத்துப்போயிருந்தாய். கேஜிலிருந்து வெளியே வந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். பீடி பற்றவைக்கிற மாதிரி பாவனை செய்வாய், மூச்சு வாங்குவது தெரியக்கூடாதென்று. எனக்குத் தெரியாதா? குஞ்சுகள் கோழியாகி முட்டையிட்டு ஒழுங்காகப் போணியாகிற வரைக்கும் நீ தாங்கவேண்டும். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தக் கோழிங்க சீக்கிரம் வளரணும்டா தம்பி, இவரு மேல வந்துடணும்" என்றாள். எங்களுக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

வளர்ந்தன. முட்டையும் வந்தது. அக்கா மறுபடியும் கூடையை ஆட்டிக்கொண்டு வந்தாள். இந்த மாதக் கடைசியில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று நீயே வாய்விட்டுச் சொன்னாய்.

அடுத்த வாரம் ஒரு கோழி கொண்டை நீலம் பாரித்துச் செத்தது.

டாக்டர் வந்தார். தொட்டியைப் பார்த்தார், தண்ணீர்ச் சட்டியைப் பார்த்தார், வலையைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. தொட்டிக்குள் அக்கா ஒரு பழுப்பு இறகைக் கண்டெடுத்தாள், சின்ன இறகு. வெள்ளைக் கோழிக்கு ஏது பழுப்பு இறகு? டாக்டர் வெளியே போய்க் கொட்டகையைச் சுற்றி நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். பின்பக்கத்தில், கூரையோரத்தில், கம்பத்தில் வெள்ளையாக எச்சம் வழிந்திருந்தது. மேலே பார்த்தால் வலை ஓரிடத்தில் ஆணி அடிக்காமல் தொங்கியது. ஒரு முழ அகலத்துக்கு ஒரு கதவு மாதிரி வெட்டி, சுருக்குக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. இழுத்தால் திறந்துகொள்ளும். கயிறு தளர்ந்து இடைவெளி விட்டிருந்தது. அதிலிருந்து வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது. குருவி கூடே கட்டிவிட்டது.

"இது எதுக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

நான் உன்னைப் பார்த்தேன். எனக்கு அந்தக் கதவு தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. நீ தரையைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றாய்.

"ரெண்டாவது வழி சார்."

"ஏன்? கோழிக்கு எதுக்கப்பா ரெண்டாவது வழி?"

"முன்வாசல் மூடிக்கிச்சுன்னா… தீ கீ பட்டு… கொட்டகை கிட்டகை சரிஞ்சி… உள்ள மாட்டிக்கினா அதுங்க இன்னா செய்யும் சார்? ஒரே வழி வச்சிட்டு என்னால வூட்டுக்குப் போவ முடியல. ரெண்டு நாளு பாத்தேன். முடியல."

டாக்டருக்கு நம் கதை தெரியாது. நான் சொன்னேன், ஏர்பிளாஸ்டைப் பற்றி, குழாயைத் தட்டினதைப் பற்றி. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "சுமாரா மூடியிருந்தாலும் குருவி நுழைஞ்சிடும் அப்பா. அதுவும் வழி தேடுறதுதானே" என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

எனக்கு வந்தது பார் கோபம்! "அட பாவி! கோழிக்கு வழி வச்சி உன் வழிய அடச்சிக்கினியேடா!" என்று கத்தினேன். மச்சான் என்றுகூட மரியாதை கொடுக்கவில்லை. அக்கா கத்தவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோண்டின அஸ்திவாரத்தின் மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். நான் கத்தினதைவிட அதுதான் உனக்கு வலித்திருக்கும்.

இந்தத் தடவை நீ ஏரிப் பக்கம் போகவில்லை. குழியை நீதான் வெட்டினாய். எல்லாம் முடிந்து, வெறும் கொட்டகைக்குள் சுத்தியலோடும் ஆணியோடும் போய் முன்கதவைச் சாத்திக்கொண்டாய். அந்தக் கூரையோரத்துக் கதவை உள்ளிருந்து அடிக்கிற சத்தம் வெளியே கேட்டது. செத்த கொட்டகைக்கு இனிமேல் எதற்கு அது என்று நினைத்தேன். ஆணி அடிக்கிற சத்தம் நின்றது. நானும் அக்காவும் வெளியே மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தோம். கொஞ்சம் கழித்து வேறு சத்தம் வந்தது.

தட்டி, நிறுத்தி, தட்டி.

என் கையிலிருந்த மண்வெட்டி கீழே விழுந்தது. ஓடிப் போய்க் கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள்கூடப் போடவில்லை, லேசாகத் தள்ளினதும் திறந்துகொண்டது. நீ கதவுக்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், கம்பத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டு நின்றாய். சட்டை முழுக்க வேர்வை. கண் என்னைப் பார்க்கவில்லை. "வந்துட்டேன் மச்சான், வந்துட்டேன்" என்று கட்டிப்பிடித்துக்கொண்டேன். உன் நெஞ்சு பட்டறைத் துருத்தி மாதிரி போய்வந்துகொண்டிருந்தது. அக்கா வந்து அன்றைக்கு மாதிரியே விரல் விரலாகப் பிரித்து சுத்தியலை எடுத்தாள். அப்போதுதான் நீ அழுதாய். பாறைக்குள் அழாதவன், கோழி நாற்றத்தில் நின்று அழுதாய்.

மாதக் கடைசியில் நீ எழுதிக் கொடுக்கவில்லை. ஷிப்டுக்குச் சங்கு ஊதினது, இறங்கப் போனாய். கேஜில் எப்போதும் கதவோரமாக நிற்கிறவன், அதற்கப்புறம் எங்கே இடம் கிடைத்தாலும் நின்றாய். அதை நான்தான் கவனித்தேன். கடையில் பின்வாசல் கேட்பதையும் விட்டுவிட்டாய். செட்டியாரே ஒரு நாள், "இன்னாப்பா, இன்னிக்கு ஒண்ணும் கேக்கல?" என்று வம்புக்கு இழுத்தார். நீ சும்மா பருப்பை வாங்கிக்கொண்டு வந்தாய்.

எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன் மச்சான். குருவியைத் திட்டமுடியவில்லை. டாக்டர் சொன்னது சரி, அதற்கு ஒன்றும் தெரியாது. உன்னையும் திட்டமுடியவில்லை. அன்றைக்குக் கத்தினதோடு என் கோபம் தீர்ந்துபோச்சு. பாறைக்குள் உட்கார்ந்தவனிடம் ஒரு வாசல் போதும் என்று சொன்னால் அவன் கேட்பானா? நானாக இருந்தாலும் அந்த வலையை வெட்டியிருப்பேன். அதுவும் உன்னைவிடப் பெரிதாக வெட்டியிருப்பேன்.

கடைசியில் ஆஸ்பத்திரி. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். அது வார்டின் உள்கோடி. வாசலுக்கும் உனக்கும் நடுவே நீளமாகக் கட்டில் வரிசை. அக்கா கஞ்சி கொண்டுவரப் போயிருந்தாள். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். ரொம்ப நாள் கழித்துக் கேட்டாய்.

"மச்சான், இங்க ரெண்டாவது வழி எங்க கீது?"

பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். வார்டை ஒரு சுற்றுச் சுற்றினேன். உன் கட்டிலுக்குப் பின்னால் ஒரு மறைப்பு, அதற்குப் பின்னால் சுவர். சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர். கையை வைத்துக்கூடப் பார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து, உன் காதில் சொன்னேன்: "கீது மச்சான். உன் தலைமாட்டுலயே, மறைப்புக்குப் பின்னால. ரெண்டு எட்டு வச்சா வெளிய. தாழ்ப்பாள்கூட இல்ல."

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். நம்பினாயா, நம்பின மாதிரி இருந்தாயா, இன்னும் எனக்குத் தெரியாது. சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அக்கா கஞ்சியோடு வந்தபோது நீ நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாய். அந்தத் தூக்கத்திலேயே, பொழுது சாய்கிற நேரத்தில், போய்விட்டாய்.

லைன் வீட்டைக் காலி பண்ணின பிறகு, அடுத்து வந்தவர்கள் முதல் வேலையாக உன் ஓட்டையைச் செங்கல் வைத்து மூடினார்கள். அக்காவும் பிள்ளைகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். பெண்கள் படித்து, கட்டிக்கொடுத்து, நன்றாக இருக்கிறார்கள். அக்கா போய்ச் சேர்ந்தும் காலம் ஆகிவிட்டது. இதெல்லாம் அவள் வந்து உன்னிடம் சொல்லியிருப்பாள். நான் ரிட்டையர் ஆகிற வரைக்கும் இறங்கினேன். இப்போது லிப்டில் மேலே போகிறேன். கதவு சாத்துகிறபோது கேஜில் பிடித்த மாதிரியே பக்கக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். உன் வியாதி எனக்கு ஒட்டிக்கொண்டது மச்சான். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் இன்னொரு வழி எங்கே என்றுதான் பார்க்கிறேன். கல்யாண வீட்டில் பார்க்கிறேன், பேங்கில் பார்க்கிறேன். பையனுக்கு வெட்கமாக இருக்கிறதாம்.

வலைக்காரர் நன்றாகக் கட்டினார். நான் விடவில்லை, பின்னாலேயே நின்று ஒவ்வொரு மூலையையும் இழுத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் கொக்கி தளர்வாக இருந்தது, பிடிவாதமாகச் சொல்லி இறுக்கவைத்தேன். "என்னா பெரியவரே, புறா மேல இவ்ளோ கோபமா?" என்றார். கோபமில்லை, மருமகள் இருமுகிறாள் என்றேன். ஓர் இடைவெளி விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். முன்கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள், நான் எங்காவது இறங்கிப் போய் வழி தெரியாமல் திண்டாடுவேனாம். நான் பால்கனியில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு புறா வந்து வலைமேல் மோதிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கம்பியில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறது. கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. கம்பியில் தட்டுகிறது, நிற்கிறது, மறுபடி தட்டுகிறது. வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். இந்த வீட்டுக்கும் ஒரே வாசல்தான் மச்சான். இல்லை, இன்னொன்று இருக்கிறது என்று என் காதில் பொய் சொல்லத்தான் நீ இல்லை.